கூட்டத்தோட கூட்டமா

சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல தம்பி. நீங்க அடிக்கொருதரம் கண்ணாடியில அதையே பாக்கியளே, அதுக்காகச் சொல்லுதேன். பஞ்சர் இல்ல, செயின் அறல, ஒண்ணுமில்ல. ஆளுக்கும் ஒண்ணுமில்ல. தொடை கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு, அவ்வளவுதான். அது யாருக்கும் பிடிக்கும். பந்து விளையாடுற பயலுகளுக்கே பிடிக்கு.

ஐஸ் இறக்கிட்டுச் சும்மா திரும்புற வண்டின்னு அந்தப் பையன் சொன்னான். அதனாலதான் ஏறினேன். இல்லன்னா ஒருத்தருக்குத் தொந்தரவு குடுக்கிற ஆளு இல்ல நான். மீன் வாடை அடிக்கும்னு நீங்க சங்கடப்பட்டிய பாருங்க, அது வேண்டாத சங்கடம். நான் தூத்துக்குடிக்காரன். மீன் இல்லாம எனக்குச் சோறு இறங்காது. மீன் மேல எனக்கு ஒருநாளும் கோவம் கிடையாது.

உங்களுக்கு எந்த ஊரு? பக்கந்தானா? சரி சரி. இந்தக் கரையில எல்லாமே பக்கந்தான்.

எனக்கு எலக்ட்ரிக் கடை. சிவன் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பேரு சிவனணைஞ்சபெருமாள், ஆனா பெருமாள் அண்ணாச்சி கடைன்னு கேட்டாத்தான் காட்டுவாவ. சுவிட்ச், வயர், ஃபேன், மோட்டார் எல்லாம் உண்டு. சுகர் வந்த பெறவு டாக்டர் நடங்கன்னாரு. நடக்கிறது எனக்குச் சரிப்படல. நடந்தா தெருவுல நாலு பேரு நிறுத்தி, 'என்ன அண்ணாச்சி, மவ எப்படி இருக்கா'ன்னு கேப்பான். சைக்கிள்ல போனா கேக்க முடியாதுல்லா. அவன் வாயத் திறக்கிறதுக்குள்ள நாம தாண்டிப் போயிருவோம். அப்படித்தான் சைக்கிள் வாங்கினேன். கிளப்புலயும் சேந்தேன்.

அலை சைக்கிள் கிளப்னு பேரு. எல்லாம் சின்னஞ்சிறுசுக. துறைமுகத்துல வேலை பாக்கிற ஜவஹர்னு ஒருத்தன், அவந்தான் கேப்டன். ஞாயித்துக்கிழமை விடியுமுன்ன கிளம்பிருவோம். வருசத்துல ஒருநாள் பெரிய சவாரி. இந்த வருசம் எங்க போகன்னு வாட்ஸப்புல பேச்சு வந்துச்சு. ஒருத்தன் குற்றாலம்ங்கான், சீசன்லா. ஒருத்தன் கழுகுமலைங்கான். நாந்தான் போட்டேன். 'ஏன் தம்பி, கடலோரமாவே போனா என்ன? திருச்செந்தூர், குலசை, மணப்பாடு, அப்படியே உவரியில போய்ச் சாப்பிட்டுட்டுத் திரும்புவோம். பிள்ளைக கடலைப் பாத்த மாதிரியும் இருக்கும்'னேன். 'ஏன் அண்ணாச்சி, தூத்துக்குடியில கடல் இல்லாமலா இருக்கு'ன்னு ஒரு பய எழுதினான். நான் விடல. பொதுவாத்தான் சொன்னேன், ஆனா விடல.

பெறவு தண்ணி குடிக்க எங்கன நிக்கன்னு வந்துச்சு. 'மணப்பாடு தாண்டி புன்னைத்தாழைன்னு ஒரு ஊரு. மாதா கோயிலுக்கு முன்னால பூவரச மரம் நிக்கும், நிழல் நல்லாருக்கும்'னேன். நீங்களும் பாத்துட்டுத்தானே வாரிய, அங்கன நிழல் உண்டுமா இல்லையா? அவ்வளவுதான். இதுல வேற ஒண்ணும் கிடையாது.

'அந்த ஊரு உங்களுக்கு எப்படித் தெரியும்'னு வீட்டுல கேட்டா. சண்முகக்கனின்னு பேரு, எங்க வீட்டம்மாவுக்கு. நான் அந்தப் பக்கம் காலெடுத்து வச்சது கிடையாது. அதனால கேட்டா. 'ஃபோன்ல பாத்தேன். இப்பம் எல்லா ஊரையும் ஃபோன்ல காட்டுதான், ரோடு ரோடா, வீடு வீடா'ன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பாத்தா. பாத்துட்டுக் கிளப்பு சட்டையத் துவைச்சுக் காயப்போட்டா. இன்னா, இந்த மஞ்சச் சட்டைதான். உடம்போட ஒட்டிக்கிட்டு, இந்த வயசுல பாக்கவே நல்லால்ல. என்ன செய்ய, எல்லாரும் அதான் போடணும்.

விசயம் என்னன்னா, அந்த ஊர்லதான் எம்மவ இருக்கா.

இருக்கான்னா, நான் கட்டிக்குடுத்து இல்ல. போயிட்டா. மங்கையர்க்கரசி. எனக்கு ஒரே பிள்ளை. பாளையங்கோட்டையில படிக்கப் போட்டேன். அங்கன இந்தப் புன்னைத்தாழைக்காரப் பையனோட பழக்கம். கிளிட்டஸ்னு பேரு. அப்பன் மீன்பிடிப் போட்டு வச்சிருக்கவன். பையனும் படிச்சு முடிச்சுட்டு அதே போட்டுல ஏறிட்டான். அவிய ஆளுக வேற, நாங்க வேற. சாமியும் வேற. நான் ஒண்ணும் பெருசாச் சொல்லல, 'யோசிச்சுக்கோ'ன்னேன். அவ யோசிச்சிருக்கா, ரிஜிஸ்டர் ஆபீசுல போயி. அங்கன இருந்து நேரா கடைக்கு வந்தாவ ரெண்டு பேரும். உச்சிப்பொழுது. கடையில ஆளு நிக்கி. ஒருத்தர் சுவிட்ச் போர்டைக் கையில வச்சுக்கிட்டு விலை கேட்டுக்கிட்டிருக்காரு. அவருக்கு முன்னால, மாலையும் கழுத்துமா நின்னு 'அப்பா'ங்கா.

ஒரு வார்த்தை திட்டல தம்பி. பக்கத்துக் கடைக்காரரு இன்னைக்கும் சொல்லுவாரு, அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லலன்னு. எந்திரிச்சு வந்தேன், ஷட்டர இறக்கினேன். அவ்வளவுதான். சுவிட்ச் போர்டு வாங்க வந்தவரு உள்ள மாட்டிக்கிட்டாரு, பாவம். ரெண்டு பேருமா இருட்டுக்குள்ள உக்காந்திருந்தோம். வேற ஒருத்தனா இருந்தா அருவாளத் தூக்கிருப்பான். பேப்பர்ல பாக்கம்லா. நான் ஷட்டர மட்டுந்தான் இறக்கினேன். அதுக்கு ஒரு மரியாதை உண்டுமா இல்லையா? அன்னைக்குப் போனவதான். வருசம் நாலாவுது. ஒருநாள் திரும்பி வந்தாளா? மறுநா காலையில நானேதான் கடையத் திறந்தேன். தெனமும் திறந்துதான் வச்சிருக்கேன். வாறவ வரலாம்லா.

நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க.

அதுக்காக அவளைப் பாக்கத்தான் நான் கிளம்பினேன்னு நினைச்சிராதிய. அப்படிப் போகணும்னா பஸ் இல்லையா, கார் இல்லையா? இது சவாரி. வழியில ஊரு வருது. இருபது பேரு, ஒரே மாதிரி மஞ்சச் சட்டை, தலையில ஹெல்மெட், கண்ணுல கருப்புக் கண்ணாடி. எது யாருன்னு பெத்த தாய்க்கே தெரியாது. கூட்டத்தோட கூட்டமா நின்னு ஒரு வாய் தண்ணி குடிக்கணும், ஒரு பார்வை பாக்கணும், கூட்டத்தோட கூட்டமாக் கிளம்பிரணும். கோயிலுக்கு எதுத்தாப்ல பச்சைக் கதவு வீடு. அது எப்படித் தெரியும்னு கேக்கியளா? எங்க வீட்டம்மா பாத்ரூம்ல பைப்பைத் திறந்துவிட்டுட்டு யார்கிட்டயோ ஃபோன்ல குசுகுசுன்னு பேசுவா. ஒருநாள் 'கதவுக்குப் பச்சையா அடிச்சிருக்கே, நல்லாருக்கா'ன்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு. நான் கேட்டுக்கிடல. துணி காயப்போடவாச்சும் வெளிய வருவால்லா. வந்தா பாத்த மாதிரி, வராட்டித் தண்ணி குடிச்ச மாதிரி. யாருக்கு என்ன நட்டம்?

காத்துதான் கெடுத்துச்சு.

திருச்செந்தூர் வரைக்கும் நான் கூட்டத்துக்கு நடுவுலதான் இருந்தேன். சந்தேகம்னா கேட்டுப் பாருங்க. விடியக்காலம், காத்து சாதுவா இருந்துச்சு. முக்காணிப் பாலத்துல நிறுத்தி ஃபோட்டோ எடுத்தாவ. 'அண்ணாச்சி முன்னால வாங்க'ன்னு என்னைய நடுவுல நிறுத்தினாவ. திருச்செந்தூர்ல இட்லி சாப்பிட்டோம். பிள்ளைக எல்லாம் சிரிப்பும் பாட்டும். நான் மட்டும் கண்ணாடியக் கழத்துறதும் மாட்டுறதுமா இருந்திருக்கேன் போல. ஜவஹர், 'என்ன அண்ணாச்சி, கண்ணு உறுத்துதா'ன்னான்.

குலசை தாண்டினதும் பிடிச்சது பாருங்க மேகாத்து, மேற்க இருந்து. ஆடிக் காத்துன்னா சும்மாவா? நீங்க வண்டிக்குள்ள கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுப் போறவிய, உங்களுக்குத் தெரியாது. தேரிக்காட்டுச் செம்மணல அள்ளி அள்ளி மூஞ்சியில அடிக்கி. பல்லக் கடிச்சா நறநறங்கு. ஒவ்வொரு மிதியும் சேத்துல மிதிக்க மாதிரி இருக்கு. 'அண்ணாச்சி, முன்னால போறவன் சக்கரத்த ஒட்டியே வாங்க, அவன் முதுகு காத்த மறைச்சுரும், விட்டுறாதிய'ன்னு ஜவஹர் கத்துதான். ஒட்டித்தான் போனேன். ஒரு முழம் விட்டுப்போச்சு. மிதிச்சேன். ரெண்டு முழமாச்சு. இன்னும் மிதிச்சேன். நடுவுல காத்து பூந்துக்கிட்டா பெறவு ஒண்ணும் செய்ய முடியாது தம்பி. அந்த ரெண்டு முழம் பத்து முழமாவுது, பத்து முழம் ஒரு பர்லாங்கு ஆவுது. கண்ணு முன்னாலயே எல்லாரும் போறாவ. மஞ்சச் சட்டை எல்லாம் சின்னச் சின்னப் புள்ளியாப் போவுது. 'ஏய் ஜவஹரு, நில்லுங்கலே'ன்னு கத்தினேன். எதிர்க்காத்துல கத்தினா சத்தம் முன்னால போவுமா? எனக்குப் பின்னால வந்த நாகூர்மீரானுக்குத்தான் கேட்டுது.

மீரான் காயல்பட்டணத்துக்காரரு, பள்ளிக்கூடத்து வாத்தியாரு. எங்க கிளப்புல கடைசி ஆளு கூடவே வாறதுக்குன்னு ஒருத்தரைப் போடுவாவ. கடைசி ஆளு எவ்வளவு மெதுவாப் போனாலும் அவரு முன்னால போகக் கூடாது. நல்ல மனுசன். ஆனா அந்த நேரத்துல நல்ல மனுசன் பேச்சு நமக்கு ஏறுமா? 'அவசரப்படாதிய அண்ணாச்சி, ஊரு எங்கயும் ஓடிராது'ங்காரு.

ஊரு ஓடாது. கூட்டம் ஓடிருமே! அதை அவர்கிட்ட எப்படிச் சொல்ல?

'ஃபோன் பண்ணுங்க மீரான். நாம போய்ச் சேருற வரைக்கும் ஒரு ஆளும் நகரக் கூடாதுன்னு சொல்லுங்க'ன்னேன். மீரான் நிறுத்தி, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு பேசினாரு. எம் முகத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. 'அவங்க தண்ணி குடிச்சாச்சாம் அண்ணாச்சி, வெயிலுக்கு முன்ன உவரி போறோம்னு கிளம்பிட்டாங்க. நீங்க கவலைப்படாதிய. அங்கன எதிர்த்த வீட்டு அக்கா ஒருத்தங்க எல்லாத்துக்கும் தண்ணி குடுத்தாங்களாம். இன்னும் ரெண்டு பேரு பின்னால வாராங்க, ஒருத்தர் மீரான் சார், ஒருத்தர் எலக்ட்ரிக் கடை பெருமாள் அண்ணாச்சின்னு ஜவஹர் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். நமக்காக நிப்பாங்க'ன்னாரு.

பேரு எதுக்குச் சொன்னான் அவன்? தண்ணி குடிக்கிறதுக்குப் பேரு எதுக்கு? ரெண்டு பேரு வாராவன்னு சொன்னாப் போதாதா?

'மீரான், நாம திரும்பிருவோம்'னேன். 'எனக்கு முடியல, திரும்பினா காத்தே தள்ளிக்கிட்டுப் போய் வீட்டுல விட்டுரும்'னேன். நெசந்தான் தம்பி, சைக்கிளைத் திருப்பிட்டா மிதிக்கவே வேண்டாம். மீரான் கேக்கணும்லா. 'இவ்வளவு தூரம் மிதிச்சுட்டா? அன்னா பாருங்க, கோயில் கோபுரம் தெரியுது. மெல்ல வாங்க'ன்னு என் முதுகுல கைய வச்சுத் தள்ளிக்கிட்டே வாராரு. ஒரு கையால அவரு சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால என்னையத் தள்ளுதாரு. நான் பிரேக்கப் பிடிச்சா அவரும் சேந்து விழணும். நான் என்ன செய்ய?

பூவரச மரத்தடியில ஒருத்தரும் இல்ல. ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு டம்ளர், அவ. அவ்வளவுதான். இருபது பேருக்கு நடுவுல நிக்க வேண்டியவன் தனியாளாப் போய் நிக்கேன், தொப்பை தெரிய இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு. தூரத்துல இருந்து பாக்கும்போது குடத்த இடுப்புல வச்சிருக்கான்னுதான் நினைச்சேன். கிட்டப் போனா குடம் தரையில இருக்கு, வயிறுதான் அப்படி.

யாரும் எனக்குச் சொல்லல தம்பி. வீட்டுல பைப்பைத் திறந்துவிட்டுப் பேசுனவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை சொன்னாளா?

கறுத்துப் போயிருக்கா. முகம் வீங்கின மாதிரி இருக்கு. நைட்டிக்கு மேல துண்டப் போட்டுக்கிட்டு, குனிஞ்சு குடத்துல இருந்து மொண்டு, முதல்ல மீரானுக்குக் குடுத்தா. பெறவு எனக்கு. நான் கையுறையோட வாங்கினேன். கண்ணாடியக் கழத்தல. அவ எம் முகத்தப் பாக்கல, டம்ளரையே பாத்துக்கிட்டு நிக்கா. நான் குடிச்சேன். குடிச்சுட்டு நீட்டினேன், இன்னொரு டம்ளர் ஊத்தினா. அதையும் குடிச்சேன். தண்ணி போதும்னு சொல்ல வாய் வரல. சொன்னா பேச்சு ஆரம்பிச்சிரும்லா. ஊத்த ஊத்தக் குடிச்சேன்.

மீரான் சும்மா இருக்கலாம்லா. 'ஏம்மா, உங்க பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லையே'ங்காரு. 'எனக்குத் தூத்துக்குடி சார்'னா. 'அப்படியா, எந்தப் பக்கம்?' 'சிவன் கோயில் பக்கம்.' 'அட! அண்ணாச்சிக்கும் அங்கனதானே! அண்ணாச்சி, இவங்களைத் தெரியுதா?'

என்ன சொல்லச் சொல்லுதிய? நடுரோட்டுல வச்சு ஒருத்தன் கேட்டா, நாலு வருசத்துக் கதைய நான் எங்கன இருந்து ஆரம்பிக்க? அவ சொல்லிருக்கலாம்லா, எங்க அப்பான்னு. சின்னவதானே முதல்ல சொல்லணும். நான் அவ சொல்லுவான்னு பாத்தேன். அவ நான் சொல்லுவேன்னு பாத்தாளோ என்னவோ, டம்ளரையே பாத்துக்கிட்டு நிக்கா. மீரான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்காரு. நான் தலைய ஆட்டினேன். ஆமான்னு ஆட்டினேனா இல்லன்னு ஆட்டினேனான்னு சத்தியமா எனக்குத் தெரியல. மீரான் இல்லன்னு எடுத்துக்கிட்டாரு. 'பெரிய தெரு, எல்லாரையும் தெரியுமா'ன்னாரு.

அப்பம் அவ சொன்னா. 'எனக்கு இவங்களைத் தெரியும் சார். சின்ன வயசுல இவங்க கடைக்குப் போயிருக்கேன். நல்ல பல்பாத் தேடிக் குடுப்பாங்க'ன்னா.

கேட்டியளா? கடைக்கு வந்து பல்பு வாங்கினாளாம். எங்கிட்ட! யாரோ ஒருத்தி மாதிரி. அவ கல்லாப்பெட்டிக்கு மேல உக்காந்து வளந்தவ. பல்பு வாங்கினாளாம்.

அதுக்குத்தான் நானும் ஏதாச்சும் சொல்லணும்னு சொன்னேன். 'வெயில்ல நிக்காதிய'ன்னேன். நிக்காதன்னு சொல்ல வந்தேன், மீரான் பக்கத்துல நிக்காரேன்னு வாய் அப்படி வந்துட்டு. பெத்த மவள 'நிக்காதிய'ன்னு சொன்ன அப்பன் ஊர்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அப்பந்தான் அவ நிமுந்து பாத்தா. கருப்புக் கண்ணாடிக்குள்ள என் கண்ணு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா அவ கண்ணு எனக்குத் தெரிஞ்சுது. அதைப் பாத்துட்டு அங்கன நிக்க என்னால முடியல.

சைக்கிள்ல ஏறக் காலத் தூக்கினேன். தூக்கின காலு இறங்கல தம்பி. தொடையில எவனோ கம்பியப் போட்டு முறுக்கின மாதிரி இழுத்துக்கிட்டு. அப்படியே சைக்கிளோட சாய்ஞ்சேன். மீரான் பிடிக்கிறதுக்குள்ள ரோட்டுல கெடக்கேன். அம்மான்னு கத்தினேன்னு நினைக்கேன். பச்சைக் கதவுல இருந்து அந்தப் பையன் ஓடி வந்தான். கிளிட்டஸ். அவனை அன்னைக்கு மாலையோட பாத்ததுதான், பெறவு இன்னைக்குத்தான். வந்ததும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து, எங்காலைத் தூக்கி அவன் மடியில வச்சு அமுக்க ஆரம்பிச்சுட்டான். நான் காலை இழுக்கேன், வரமாட்டேங்கு. வேண்டாங்கேன், வலியில வார்த்தை வரமாட்டேங்கு. கயிறு இழுத்துக் காய்ச்ச கையி, இரும்பு மாதிரி இருக்கு. அவன் அமுக்க அமுக்க எனக்குக் கண்ணுல தண்ணி. வலியிலதான்.

அவ பின்னால நின்னு சொல்லுதா: 'தொடைய அமுக்காதிய, பெருவிரலைப் பிடிச்சு மேல மடக்குங்க. அவங்களுக்கு அப்படிச் செஞ்சாத்தான் விடும்.' அவன் மடக்கினான். விட்டுட்டு. அவ சின்னப் பிள்ளையில இருந்தே, எனக்குக் காலு இப்படிக் குறக்களி பிடிச்சா அவதான் வந்து விரலை மடக்கி விடுவா. அதைக் கேட்டதும் மீரான் எங்களைப் பாத்தாரு. பாத்துட்டு எந்திரிச்சுப் போயி, அந்தால அவரு சைக்கிள் டயர அமுக்கிப் பாத்துக்கிட்டு நின்னாரு. வாத்தியாருல்லா, புரிஞ்சிருக்கும். புரிஞ்சா புரியட்டும்.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன் தம்பி. கடைசியில அவன் எங்காலைப் பிடிச்சான். ஊரு பாக்க, நடுரோட்டுல வச்சு. அதை நீங்க எப்படி வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. நான் போய் யார் காலையும் பிடிக்கல.

'மாமா, உள்ள வந்து கொஞ்சம் படுங்க'ன்னான். மாமாங்கான்! நான் மீரானப் பாத்து, 'ஏதாச்சும் வண்டி கிடைக்குமா பாருங்க'ன்னேன். அந்தப் பையந்தான் எந்திரிச்சுப் போயி ஃபோன் பேசினான். அவ குடத்துல மிச்சம் இருந்த தண்ணியப் பூவரச மரத்து மூட்டுல ஊத்திட்டு, வெறுங்குடத்த எடுத்துக்கிட்டு உள்ள போனா. போகும்போது ஒரு கைய இடுப்புல ஊணிக்கிட்டுப் போனா. வலிக்கும்போல. கதவச் சாத்தல. நான் உங்க வண்டியில ஏறுற வரைக்கும் அந்தக் கதவு திறந்துதான் கெடந்துச்சு. நான் உள்ள போயிருக்கலாம்னு நினைக்கியளா? யாரு கூப்பிட்டா? அவ கூப்பிடல. அவன் கூப்பிட்டான், அவ கூப்பிட்டாளா?

மீரான் உவரிக்குப் போயிட்டாரு, கூட்டத்தோட சேரணும்லா. பாவம், தனியா அந்தக் காத்துல.

குலசை நெருங்கிட்டோமா? தேரி வந்துட்டே. மணலப் பாருங்க, ரோட்டுல ஓடுது.

ஃபோன் அடிக்கி பாருங்க. எடுங்க தம்பி, எனக்காக எடுக்காம இருக்காதிய. அன்னா, ஸ்பீக்கர்ல போட்டு முன்னால வைங்க. எனக்கென்ன, நான் கேக்கவா போறேன்.

தம்பி. தம்பி, தூங்குதாருன்னு சொல்லுங்க. ஆமா, தூங்குதாருன்னு. இன்னா, கண்ண மூடிட்டேன். சொல்லுங்க.

வச்சுட்டாளா?

அவதான். எனக்குத் தெரியாதா அவ குரலு. 'ராயப்பா, அப்பா முழிச்சிருக்காங்களா'ன்னா. நீங்க தூங்குதாருன்னதும், 'சரி, எழுப்பாத. சுகர் இருக்கு அவங்களுக்கு, திருச்செந்தூர்ல சாப்பிட ஏதாச்சும் வாங்கிக் குடு. வீட்டு வாசல்லயே இறக்கிவிடு, கடைப்பக்கம் இறக்காத, அந்தப் பக்கம்னா வீட்டுக்கு மாடிப்படி ஏறணும்'னா. எல்லாம் கேட்டேன்.

ராயப்பனா உங்க பேரு? அப்பம் கிளிட்டஸுக்கு நீங்க என்ன வேணும்? சித்தப்பா மவனா. ஐஸ் இறக்கிட்டு வந்த வண்டின்னானே. ஓஹோ. வீட்டுல நின்ன வண்டியக் கூப்பிட்டிருக்கான். அப்படிச் சொன்னா நான் ஏற மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். அவ சொல்லித்தான் அப்படிச் சொல்லிருக்கான், என்ன?

அப்பம் நான் பேசினது பூராத்தையும் கேட்டுக்கிட்டேதான் வந்திருக்கிய. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா. சரி விடுங்க. முறைக்கு நீங்களும் எனக்கு மருமவன்தான் ஆவணும். நான் பாட்டுக்குத் தம்பி தம்பின்னுக்கிட்டு வாரேன்.

ஒண்ணு கேக்கேன். கேட்டேன்னு அங்கன போய்ச் சொல்லக் கூடாது.

எத்தனை மாசம்?

ஏழு முடிஞ்சுட்டா. அப்பம் வளைகாப்பு போட்டாச்சா? போடலையா? ஏன், உங்க ஆளுகள்ல கிடையாதா? உண்டா. பெறவு ஏன்? உங்க பெரியம்மா, அந்தப் பையனோட அம்மா, நாளு குறிச்சாங்களா. யாரு வேண்டாம்னா? அவளா வேண்டாம்னா?

என்ன சொன்னா? திருப்பிச் சொல்லுங்க.

'எங்க வீட்டுல இருந்து ஆளு வராம எங்கையில வளையல் ஏறாது'ன்னாளா. அப்படியேவா சொன்னா? எங்க வீட்டுலன்னா சொன்னா?

பிடிவாதக்காரி. யாரு மாதிரி வந்து பொறந்திருக்கா பாருங்க. ஒரு ஃபோன் போட்டு எங்கிட்டச் சொன்னாத்தான் என்ன? வாங்கப்பான்னு சொன்னாத்தான் என்ன? நான் என்ன செய்ய முடியும்? கூப்பிடாத வீட்டுக்குப் போய் எப்படி நிக்க? இந்தச் சட்டையோட, வெறுங்கையோட, நொண்டிக்கிட்டு? அவ என்னைய யாருன்னு சொல்லுவா? பல்பு விக்கிறவன்னா?

எதுக்கு வேகத்தக் குறைக்கிய? வண்டிய எதுக்கு ஓரங்கட்டுதிய?

வேண்டாம். திருப்ப வேண்டாம், சொன்னாக் கேளுங்க. போங்க, நேராப் போங்க. வீட்டுல சண்முகக்கனி காத்துக்கிட்டு இருப்பா, நான் போனதும் வாயத் திறக்காம எம் மூஞ்சியவே பாப்பா. அவகிட்ட என்னன்னு சொல்ல? பாத்தேன்னு சொல்லவா, தண்ணி குடிச்சேன்னு சொல்லவா? தெரியாதுன்னு தலைய ஆட்டிட்டு வந்தேன்னு சொல்லவா?

இல்ல, இருங்க. இருங்க ராயப்பன். கியர மாத்தாதிய.

போகவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். கொஞ்ச நேரம் இங்கனயே நிக்கட்டும்.